ஒன்றும் போடாத ஒன்பதாம் கண்டம்

ஞானசிகாமணியின் விளை நிலத்தில் பன்னிரண்டு கண்டம் உண்டு. பதினொன்றைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார். ஒன்பதாம் கண்டத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் மட்டும் மனிதருக்கு இருமல் வந்துவிடும்.

இடம் பாறசாலைக்குத் தெற்கே. இன்னும் கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு. அங்கே பஸ் போர்டு மலையாளத்தில் இருக்கும், கிறிஸ்தவச் சபையில் பாட்டு தமிழில் இருக்கும், வீட்டுக்குள் சண்டை இரண்டிலும் நடக்கும். செம்மண் பூமி. மரச்சீனி என்கிற மரவள்ளி நட்டால் வரும், வாழை நட்டால் வரும், ரப்பர் நட்டவர்கள் ரப்பரை வெட்டிவிட்டு மறுபடியும் மரச்சீனிக்கு வந்தார்கள். ஞானசிகாமணி ரப்பர் பக்கமே போகாதவர். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெங்கடேஸ்வரன் சார் வந்தார். ஸ்ரீவராகம் அக்ரகாரத்துக்காரர், நெற்றியில் சந்தனமும் கையில் டேப்புமாக விளையைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாணி மட்டும் போட்டால் மண் என்ன ஆகும், சாக்கு உரம் மட்டும் போட்டால் என்ன ஆகும், பாதிக்குப் பாதி கலந்து போட்டால் என்ன ஆகும், இதை வருஷக்கணக்கில் பார்க்க வேண்டும் என்றார். நிலத்தைப் பன்னிரண்டு கண்டமாகக் கயிறு பிடித்தார்கள். மூன்றுக்குச் சாணி மட்டும். மூன்றுக்கு யூரியா, பொட்டாஷ் வகையறா மட்டும். மூன்றுக்கு அதில் பாதி, இதில் பாதி. மிச்சம் மூன்றுக்கு ஒன்றுமே கிடையாது.

"அதென்ன சாரே, மூணு கண்டத்தப் பட்டினி போடுகது?" என்று ஞானசிகாமணி கேட்டார்.

"ஒண்ணும் கொடுக்காத மண்ணு எவ்வளவு தரும்னு தெரிஞ்சாத்தானே, கொடுத்ததுனால எவ்வளவு வந்ததுன்னு சொல்ல முடியும்?" என்றார் சார்.

எந்தக் கண்டத்துக்கு எது என்று அவர்கள் தீர்மானிக்கக் கூடாதாம். சீட்டுப் போட வேண்டுமாம். ஞானசிகாமணியின் மனைவி சரோஜம் சோறு வடிக்கும் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பன்னிரண்டு சீட்டு. "நீங்களே எடுங்கோம்மா" என்றார் சார். அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒன்பதாவதாக எடுத்த சீட்டில் ஒரு சைபர் இருந்தது. ஒன்பதாம் கண்டம், விளையின் மேற்கு மூலை, சபையின் மதிலை ஒட்டிய துண்டு.

சரோஜத்தின் முகம் அப்போதே வாடிவிட்டது. அதற்குக் காரணம் இருந்தது.

மகன் ஷிபினுக்கு நாலு வயதில் மஞ்சள்காமாலை வந்து, மெடிக்கல் காலேஜில் கண் திறக்காமல் கிடந்தான். அன்றைக்குச் செய்த நேர்ச்சை. சபையை ஒட்டிய மூலையில் வருஷாவருஷம் ஒரு மரச்சீனி நட்டு, முதற்பலன் பண்டிகைக்கு அந்த ஒரு மூடு செடியைக் கிழங்கோடு அப்படியே கொடுப்பது. நடும்போதே கம்பில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். பறிக்கும்போது இரும்பு படக் கூடாது. கையால் உலுக்கி, ஒரு கிழங்கு முறியாமல் மூட்டோடு பிடுங்கி, தலையில் சுமந்துபோய்ச் சபையில் வைக்க வேண்டும். அங்கே ஏலம் விடுவார்கள். நேர்ந்துகொண்டவர்கள் அதில் ஒரு துண்டுகூடத் தின்னக் கூடாது. ஷிபின் இன்று விழிஞ்ஞம் துறைமுகத்தில் டிரெயிலர் லாரி ஓட்டுகிறான், இரண்டு ஆள் கனம் இருக்கிறான். நேர்ச்சை மட்டும் நிற்கவில்லை.

ஞானசிகாமணி அன்றைக்கே சாரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மறைக்கவில்லை. சார் சிரித்துக்கொண்டு, "ஓரத்து வரிசையை நாங்க கணக்குல எடுக்கறதே இல்லை. உள்ளே இருக்கறதைத்தான் எடை போடுவோம். ஓரத்துலேர்ந்து தாராளமா எடுத்துக்கோங்கோ" என்றார்.

கணக்கில் எடுப்பதில்லை என்ற அந்த ஒரு சொல்தான் அவரைக் கெடுத்தது.

முதல் வருஷம் மண்ணில் பழைய சத்து இருந்தது, ஒப்பேறிவிட்டது. இரண்டாம் வருஷம் பிடுங்கிய மூட்டில் விரல் தடிமனில் மூன்று வேர் தொங்கியது. அதையும் தலையில் வைத்துக்கொண்டு போனார். ஏலம் விடும் பிரபின் அதை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, "இது மரச்சீனியா, முருங்க வேரா?" என்றான். சபை முழுக்கச் சிரித்தது. சரோஜம் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகவில்லை.

அடுத்த மேட மாசம், அதாவது சித்திரையில், முதல் மழை விழுந்ததும் ஞானசிகாமணி ஒரு கடவம் சாணியைச் சுமந்துபோய், வெள்ளைத் துணி கட்டிய அந்த ஒரு மூட்டுக்கு மட்டும் போட்டு மண் அணைத்தார். ஒரு ஓலைப்பெட்டிச் சாணி. ஓரத்து வரிசை. கணக்கில் இல்லாதது.

அந்த மகரத்தில், தை மாசம், வந்த கிழங்கைப் பார்த்துச் சபையே எழுந்து நின்றது. "எந்தக் கண்டத்துல உள்ளது?" என்று போதகர் ஐயா கேட்டார். "ஒண்ணும் போடாத கண்டம்லா, எங்க எல்லாருக்கும் அறியுமே" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். ஐயா ஞானசிகாமணியைப் பார்த்தார். ஞானசிகாமணி தலையை ஆட்டினார். பாதி ஆட்டல்தான். ஆனால் பாதியே போதுமாயிருந்தது. உரம் இல்லாத மண்ணில் ஆண்டவர் விளையவைத்தார் என்று ஐயா அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினார். அடுத்த வருஷம் ஞானசிகாமணியையே எழுந்து சாட்சி சொல்லச் சொன்னார்கள். அவரும் சொன்னார். அதன் பிறகு அது வருஷாவருஷம் நடக்கும் காரியமாகிவிட்டது.

சாணியும் ஒரு மூட்டோடு நிற்கவில்லை. ஒன்றுக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதைப் பட்டினி போட அவருக்குக் கை வரவில்லை. ஓரத்து வரிசை முழுக்கப் போட்டார். ஓரத்துக்குப் போட்டவர் உள்ளே இருக்கும் நோஞ்சானைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பார்? விவசாயி பிறவி அப்படி. ஒன்பதாம் கண்டம் பச்சை பிடித்ததைப் பார்த்து வெங்கடேஸ்வரன் சார் ஒருநாள் கேட்டபோது, "சர்ச்சு முற்றத்துல விழுகிற மழத்தண்ணி இஞ்சோட்டுத்தான் எறங்குகது சாரே" என்று ஒரு கள்ளம் சொன்னார். சார் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். நோட்டு இருந்தது.

அந்த நோட்டைக் கையில் வாங்கி வந்தவள்தான் ராஜஸ்ரீ. வலியசாலை அக்ரகாரத்துப் பெண், இருபத்தேழு வயது, மண்ணுக்குள் மக்கிச் சேரும் கரியை, அதாவது கார்பனைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். மூன்று வருஷமாகப் பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்கி, தோளில் மண் எடுக்கும் இரும்புத் துரப்பணத்தோடு நடந்து வருவாள். வந்த புதிதில் சார் என்று கூப்பிட்டாள், அப்புறம் அங்கிள், இப்போது மாமா. அவள் மீன் தின்ன மாட்டாள் என்பதற்காகச் சரோஜம் தனியாக ஒரு மண்பானை வாங்கி, மீன் சட்டி படாத அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தாள். அந்தப் பானையில் அவளுக்கு மட்டும்தான் மரச்சீனி வேகும்.

அவள் வரத் தொடங்கிய மூன்றாம் வருஷ மகரத்தில், முதற்பலன் பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ராஜஸ்ரீ வந்தபோது கண் வீங்கியிருந்தது. ஒன்பதாம் கண்டத்தில் நேரே போய் ஐந்து இடத்தில் மண் எடுத்தாள். பையில் போட்டாள், எண் எழுதினாள், எழுதியதை மூன்று தடவை படித்துப் பார்த்தாள். பிறகு அடுக்களைப் புறத்துப் படியில் வந்து உட்கார்ந்தாள்.

சரோஜம் வாழையிலையில் வெந்த மரச்சீனியும், சின்ன உள்ளியும் பச்சை மிளகாயும் சதைத்துத் தேங்காயெண்ணெய் விட்ட சம்மந்தித் துவையலும் வைத்தாள். "தின்னு மக்ளே. முகம் என்ன இப்பிடி இருக்கு? அம்மைக்குச் சொகமில்லியா?"

"அம்மா நன்னாத்தான் இருக்கா மாமி. எனக்குத்தான் நேரம் சரியில்லை."

"என்ன ஆச்சு?"

"ஒன்பதாம் கண்டம்." ராஜஸ்ரீ கிழங்கைப் பிட்டாள், வாயில் வைக்கவில்லை. "ஒண்ணும் போடாத கண்டம் மூணு இருக்கோல்லியோ. ரெண்டுல வருஷா வருஷம் கரி குறைஞ்சுண்டே வரது. சரியா இருக்கு. ஒன்பதுல மட்டும் ஏறிண்டே போறது. பாதிப் பாதி கலந்து போட்ட கண்டம் மாதிரி. அதெப்படி மாமா? வானத்துலேர்ந்தா விழும்?"

அடுக்களை வாசலில் நின்ற ஞானசிகாமணிக்கு இருமல் வந்தது.

"என் கைடு நேத்திக்கு எல்லார் முன்னாடியும் கேட்டார். ஒண்ணு, நீ பையை மாத்தியிருக்கே. இல்லேன்னா ஆத்துல உக்காந்து நம்பரை எழுதியிருக்கே. ரெண்டுல எதுன்னு திங்கக்கிழமை எழுதிக் கொடுன்னுட்டார்."

"அய்யோ, நீ கள்ளம் எழுதுவியா?" என்றாள் சரோஜம்.

"எழுதலை மாமி. ஆனா பை மாறியிருக்கலாமோன்னு எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு. ராத்திரி படுத்தா கண்ணு முன்னாடி பைதான் வரது. ஒரு கண்டத்துல தப்புன்னா மத்த பதினொண்ணையும் யார் நம்புவா? மூணு வருஷமும் போச்சு. மார்ச்சோட என் வேலையும் முடியறது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள். சத்தமில்லாத அழுகை. ஞானசிகாமணி உள்ளே போய் ஒரு கட்டன் காப்பி கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்யத் தைரியம் இல்லை.

"மாமா, அந்தச் சர்ச் தண்ணி இறங்கறதுன்னு வெங்கடேஸ்வரன் சார் எழுதி வச்சிருக்காரே, அதை மட்டும் அளந்து காட்டினா நான் தப்பிச்சுடுவேன். நாளைக்குக் கொத்தனார்கள் மட்டம் பாக்க வச்சிருக்கற டியூப் கொண்டு வரேன். ஒரு முனையை நீங்க பிடிப்பேளா?"

"பிடிக்கேன் மக்ளே" என்றார்.

அவள் போன பிறகு சரோஜம் கிணற்றடியில் சாளை மீன் கழுவினாள். ஞானசிகாமணி வேலியோரம் நின்று ஒரு காய்ந்த கம்பை ஒடித்து ஒடித்துப் போட்டார். கடைசியில் அவரே தொடங்கினார்.

"சரோஜம், அந்தப் பிள்ள பையும் மாத்தல்ல, ஒண்ணும் மாத்தல்ல."

"எனக்கறியும்."

"என்ன அறியும்?"

"நீங்க சாணி போடுகது எனக்கறியும். வெளுக்கும் முன்ன கடவத்தோட எறங்கிப் போனா, பெண்டாட்டிக்குத் தெரியாதா? தொழுத்துல சாணி கொறையுகது பசுவுக்கே தெரியும்."

"பின்ன நீ ஏன் ஒண்ணும் கேக்கல்ல?"

சரோஜம் மீன் கழுவிய தண்ணீர்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எந்த வாய வச்சிக் கேப்பேன்? இந்தத் தண்ணிய நான் எங்க கொண்டு விடுகேன்னு நீங்க எப்பவாவது பாத்தியளா?"

ஞானசிகாமணி கம்பை ஒடிப்பதை நிறுத்தினார்.

"ஒம்பதாம் கண்டத்துலயாக்கும். ஏழு வருசமா. மீன் தண்ணி, அடுப்புச் சாம்பலு, ஆட்டுப் புழுக்க. எனக்க கையாலதானே அந்தச் சீட்ட எடுத்தேன்? ஆண்டவருக்க மூலைக்குப் பட்டினின்னு எழுதின சீட்டு. எனக்குப் பொறுக்குமா?"

அவருக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஒருத்தர் போட்டதே பெரிய தப்பு. இருவரும் போட்டிபோட்டு ஊட்டி வளர்த்திருக்கிறார்கள்.

"நாளைக்கு அவகிட்டச் சொல்லிப்போடலாம்" என்றார்.

"சொல்லுங்க. மறு நாளு ஞாயிறாழ்ச்ச. சபையில எழும்பி நிண்ணு சாட்சி சொல்லணும்லா? அங்க என்ன சொல்லுவிய?"

"அங்க வழக்கம்போல..."

"இங்க ஒண்ணும் அங்க ஒண்ணுமா? அவ அதக் கடலாசுல எழுதிக் குடுத்தா ஊருக்குத் தெரியாதா? அஞ்சு வருசமா ஆண்டவர் செய்தாருன்னு சொன்னியளே. ஐயா அத வச்சிப் பிரசங்கம் பண்ணினாரே. ஷிபினுக்குப் பெண்ணு பாத்துட்டிருக்கம். நாணக்கேடு நமக்கு மட்டுமா?"

"அப்பம் அந்தப் பிள்ள பழிய ஏத்துக்கிடட்டுமா?"

சரோஜம் தண்ணீர்ச் சட்டியைத் தூக்கினாள். பழக்கத்தில் கால் மேற்குப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டது. நின்றாள். பிறகு அதை அங்கேயே கல்லின் மேல் கொட்டிவிட்டு உள்ளே போனாள். முற்றம் முழுக்க மீன் நாற்றம் அடித்தது.

சனிக்கிழமை ராஜஸ்ரீ நீளமான கண்ணாடி போன்ற டியூபைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். வெயில் ஏறியிருந்தது. டியூபில் தண்ணீர் நிரப்பினார்கள். ஒரு முனையைக் கண்டத்தின் நடுவில் அவள் பிடித்தாள். மறு முனையை மதிலோரம் ஞானசிகாமணி பிடித்தார். அவருடைய வாழ்க்கையில் எத்தனையோ பாரம் சுமந்திருக்கிறார். ஒரு விரல் தடிமன் டியூபை அன்று அசையாமல் பிடிக்க முடியவில்லை.

"ஆட்டாதேங்கோ மாமா. தண்ணி நிக்கட்டும்."

தண்ணீர் ஏறி இறங்கி, கடைசியில் நின்றது. அவள் டேப்பால் இந்த முனையை அளந்தாள், அதை ஒரு மரச்சீனித் தண்டில் கட்டிவிட்டு ஓடிவந்து அந்த முனையை அளந்தாள். மறுபடியும் அளந்தாள். முகம் விழுந்துவிட்டது.

"மதில் பக்கம்தான் பள்ளம். ரெண்டு அங்குலம். தண்ணி இங்கேர்ந்து அங்கதான் போகும், அங்கேர்ந்து இங்க வராது." நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "அப்போ நான்தான் மாமா. பை மாறிடுத்து. எழுதிக் கொடுத்துட வேண்டியதுதான்."

டியூபைச் சுருட்டத் தொடங்கினாள். ஞானசிகாமணி தன் முனையை விடவில்லை.

"தண்ணி வரல்ல மக்ளே."

"அதான் சொல்றேனே."

"தண்ணி வரல்ல. நான் பறஞ்சது கள்ளம். சாணியாக்கும். நான் போட்டேன்."

ராஜஸ்ரீக்கு முதலில் புரியவில்லை. அவர் நேர்ச்சையைச் சொன்னார், முருங்கை வேரைச் சொன்னார், ஓரத்து வரிசை கணக்கில் இல்லை என்று நினைத்ததைச் சொன்னார், மீன் தண்ணீரைச் சொன்னார். சபையில் சாட்சி சொன்னதையும் சொன்னார். அது அவளுக்குத் தேவையில்லாத விஷயம். ஆனால் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. அவள் கையில் நோட்டை எடுத்துக்கொண்டு, "எந்த வருஷம்? எத்தனை கடவம்?" என்று கேட்டு எழுதினாள். மூன்றாம் வருஷம் ஒன்று. நாலாம் வருஷம் ஆறு. அப்புறம் இருபது. பேனா நின்றது.

"நேத்திக்கு நான் உங்காத்துல உக்காந்து அழுதேன்" என்றாள். "நீங்க உள்ளே போய் காப்பி போட்டுக் கொண்டுவந்து வச்சேள்."

அவர் டியூபின் முனையைத் தரையில் வைத்தார்.

"எங்கப்பாகிட்ட, நான் எதுக்கும் லாயக்கில்லைப்பான்னு சொல்லிட்டேன் மாமா. அவர் ராத்திரியெல்லாம் தூங்கலை. மாசத்துக்கு ரெண்டு தடவை வரேன். மூணு வருஷம். ஒரு தடவை சொல்லப்படாதா?" அவள் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் அவர் கேட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் பண்டிகைக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"தோண்டி மாத்திப்போட்டா ஒக்குமா? ஒரு முழம் மண்ணையும் எடுத்துத் தள்ளிப்போட்டு, மத்தக் கண்டத்துலேந்து மண்ணு கொண்டு இட்டா?" என்றார் ஞானசிகாமணி.

"அப்போ அது இந்த மண்ணே இல்லையே." கோபத்திலும் அவளுக்குப் பாடம் மறக்கவில்லை. "நீங்க போட்டது மண்ணோட சேர்ந்துடுத்து மாமா. அதைப் பிரிச்சு எடுக்க முடியாது. இனிமே ஒரு பிடி போடாட்டாலும் ஏழெட்டு வருஷத்துக்கு அது உள்ளே இருந்துண்டு செடிக்குக் கொடுத்துண்டே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகும்."

எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றாள். அவர் தமிழில் எழுதுகிறேன் என்றார். அவளுக்குத் தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது, நிலையத்திலும் வாசிக்க ஆள் கிடையாது. "சொல்லுங்கோ, நான் மலையாளத்துல எழுதறேன்" என்றாள். அவர் குற்றத்தை அவர் சொல்லச் சொல்ல, பழி சுமந்தவளே உட்கார்ந்து எழுதினாள். கீழே ஞானசிகாமணி என்று தமிழில் போட்டார். கடைசி எழுத்து கோட்டை விட்டு இறங்கிவிட்டது.

சரோஜம் அடுக்களை வாசலில் நின்றாள். எல்லாம் கேட்டிருந்தாள். "மக்ளே, கெழங்கு வெந்தாச்சு. தின்னுட்டுப் போ."

"வேண்டாம் மாமி. டிரெயினுக்கு நாழி ஆயிடுத்து."

அடுத்த ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மூன்று வருஷமாக அந்த ரயிலுக்குக் கணக்குப் பார்த்து உலை வைக்கிறவளுக்கு அது தெரியாதா? அவள் பானையை மூடி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஞானசிகாமணி வெள்ளைத் துணி கட்டிய மூட்டை உலுக்கிப் பிடுங்கினார். பதினொரு கிழங்கு, ஒவ்வொன்றும் முழங்கை நீளம். தலையில் வைத்துக்கொண்டு சபைக்குள் நடந்தபோது வழக்கம்போல ஆட்கள் விலகி வழி விட்டார்கள். வழக்கம்போல ஐயா சாட்சிக்குக் கூப்பிட்டார். எழுந்து நின்றார்.

"அதுக்கு நான் சாணி போட்டேன்" என்றார். "ஏழு வருசமா. எனக்க வீட்டுக்காரியும் போட்டா. நான் சொன்ன சாட்சியெல்லாம் கள்ளம். அதனால ஒரு படிச்ச பிள்ளைக்குக் கெட்ட பேரு வந்துது."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்த பிரபின், எதற்கும் ஒரு தமாஷ் வைத்திருப்பவன், அன்றைக்கு வாயைத் திறந்து மூடினான். "லேலம்..." என்று தொடங்கினான். யாரும் விலை கேட்கவில்லை. ஐயா தலைகுனிந்தபடி, "அடுத்தது" என்றார். அடுத்தது ஒரு பலாச்சக்கை.

அந்த மூடு மதிலோரம் கிடந்தது. நேர்ந்தவர்கள் தின்னக் கூடாது, மற்றவர்கள் தொடவில்லை. பிடுங்கிய மரச்சீனி மூன்று நாள் தாங்காது. மூன்றாம் நாள் உள்ளே நீலம் பாய்ந்து நாறத் தொடங்கியது. இலையை மட்டும் ஆடுகள் தின்றன.

மேட மாசத்துக்கு முன்னால் நிலையத்திலிருந்து கௌசிக் என்றொரு பையன் ஜீப்பில் வந்து, எண் எழுதிய தகடுகளைப் பிடுங்கிக்கொண்டு போனான். சோதனை முடிந்துவிட்டதாம், இனி நிலம் உங்கள் இஷ்டம் என்றான். அந்தப் பாதிக்குப் பாதி கலந்த கண்டங்கள்தான் ஜெயித்தன, கிழங்கிலும் மண்ணிலும், அது நிச்சயம் என்றும் சொன்னான்.

"ராஜஸ்ரீ மேடம்?" என்று கேட்டார் ஞானசிகாமணி.

"ஒன்பதாம் கண்டத்தை விட்டுட்டு எல்லாத்தையும் திருப்பி எழுதணும். ஒரு ஆறு மாசம் ஆகும். கான்ட்ராக்ட் முடிஞ்சுடுத்து, ஆத்துலேர்ந்துதான் எழுதிண்டிருக்கா."

சரோஜம் அவனுக்குக் கிழங்கு எடுத்தாள். அவன் வேண்டாம் என்று தன் பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனான். அவள் ராஜஸ்ரீக்கு இரண்டு தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, "நன்னா இருக்கேன் மாமி" என்றாள். மண்பானை அலமாரியில் கவிழ்ந்தபடியே இருந்தது. சரோஜம் அதை வேறெதற்கும் எடுக்கவில்லை.

மழை விழுந்ததும் ஞானசிகாமணி எல்லாக் கண்டத்துக்கும் பாதிச் சாணியும் பாதிச் சாக்கு உரமும் கலந்து போட்டார். ஒன்பதாம் கண்டத்துக்கு ஒரு பிடிகூடப் போடவில்லை. இப்போது யாரும் அளக்க வரப்போவதில்லை, கேட்பாரும் இல்லை. இருந்தும் போடவில்லை. வெள்ளைத் துணி கட்டி நேர்ச்சைக் கம்பை மட்டும் நட்டார். சரோஜம் மீன் தண்ணீரைக் கிழக்கே கடைசியில் நிற்கும் வாழை வரை சுமந்துபோய் விட்டாள். முழங்கால் வலியோடு தினமும் அவ்வளவு தூரம். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சபைக்காரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இந்தத் தடவை முருங்கை வேர் வரட்டும், அதைத் தலையில் சுமந்துபோய் வைத்துவிட்டால் மனசு கொஞ்சம் இறங்கும் என்று ஞானசிகாமணி நினைத்திருந்தார்.

மகரத்தில் மூட்டை உலுக்கினார். வரவில்லை. இன்னும் பலமாக உலுக்கினார். மண் வெடித்து, கிழங்கு கொத்தாக மேலே வந்தது. ஒன்பது கிழங்கு. போன வருஷத்தைவிட இரண்டுதான் குறைவு. சரோஜம் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

சபையில் பிரபின் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். "போன வருசம் இதே இடத்துல நிண்ணு அண்ணன் அறிக்க பண்ணினாரு. இந்த வருசம் ஒரு பிடி சாணி போடல்ல. நானே மதிலுக்கு மேல நிண்ணு பாத்திருக்கேன். பாருங்க, ஆண்டவர் என்ன தந்திருக்காருன்னு பாருங்க!"

சபை முழுக்க ஆமென் எழுந்தது. போன வருஷம் முகம் கொடுக்காதவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஐயாவின் கண் கலங்கியிருந்தது. ஞானசிகாமணி எழுந்தார்.

"இது பழைய சாணியாக்கும்" என்றார். "நான் களவா போட்டது. மண்ணுக்குள்ளயே கெடக்குகது. இன்னும் பல வருசம் கெடக்கும்னு அந்தப் பிள்ள பறஞ்சிருக்கு."

"அந்தத் தாழ்மையப் பாருங்க" என்றார் முன் வரிசையில் ஒருவர். மறுபடியும் ஆமென். பிரபின் ஏலத்தைத் தொடங்கிவிட்டான், நாலு பக்கமிருந்தும் கேட்டார்கள். ஞானசிகாமணி இன்னொரு தடவை வாயைத் திறந்தார். அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. சரோஜம் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இரியுங்க."

உட்கார்ந்தார். ஏலம் ஏறிக்கொண்டே போனது. அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் மெல்லக் கேட்டாள்.

"இன்னும் எத்தன வருசம்?"

"ஏழு" என்றார்.